ஹுலானின் மரியாதை

கொரியாவின் ஜோன்ஜு நகருக்குப் படிக்க வந்த முதல் வாரமே, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரச் சித்தியை 'நீ' என்று சொல்லிவிட்டாள் ஹுலான். மங்கோலியாவில் இருந்தபோது கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே மொழி பழகியவள். அவற்றில் காதலர்கள்தானே அதிகம் பேசுகிறார்கள். குப்பையை ஏன் பிரித்துப் போடவில்லை என்று சித்தி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். "நீ சொல்லித் தரவே இல்லியே" என்று இவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சித்தி குப்பைப் பையை அவள் அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். பிறகு வெகுநாள் இருவருக்கும் பேச்சில்லை.

நான் அடுத்த அறையில் இருப்பவள். எனக்கும் அவள் ஊர்ப்பக்கம்தான். இங்கே வந்து வெகு காலமாயிற்று. நடந்த தப்பை நான்தான் விளக்கினேன். விளக்காமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து பேருந்து ஓட்டுநர், கடைக்காரர், எதிர்வீட்டு நாய் என்று எல்லாரும் அவளுக்கு 'நீங்கள்' ஆகிவிட்டார்கள். வாயைத் திறக்குமுன் எதிரில் நிற்பவரின் வயதை முகத்தில் தேடுவாள். தேடி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார்.

அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை; தூக்கமும் வரவில்லை. கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும். வகுப்பு முடிந்ததும் ஓடைக்கரையில் போவதும் வருவதுமாக இருப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியை அடுக்குவாள். மறுநாள் உடுத்த வேண்டுமே என்று அவளே பிரிப்பாள். அம்மா போன் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பாள். அதையும் நடந்துகொண்டேதான் சொல்வாள்.

கட்டடப் பொறியியல் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாலத்தின் மாதிரி செய்ய வேண்டியிருந்தது. ராணுவச் சேவை முடித்துவிட்டுப் படிக்கத் திரும்பிய தோஹுன்தான் குழுத் தலைவன், எல்லாருக்கும் சீனியர். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு முழுவதையும் ஹுலான் போட்டுக் கொடுத்தாள். வகுப்பில் விளக்கப்போகும் நாளுக்கு முன்தினம் பார்த்தால், முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. அவளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வாட்ஸப் குழு வைத்துப் பேசி முடித்திருந்தார்கள்.

சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி இதைச் சொன்னாள். பேராசிரியரிடம் போகச் சொன்னேன். கேட்கவில்லை. மறுநாள் எல்லார் முன்னாலும் தோஹுனிடமே போய்க் கேட்டிருக்கிறாள்.

"உனக்குத்தான் பேச வராதே. அங்க நின்னு திணறினா எல்லாருக்கும் மார்க் போகும். உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்" என்றானாம்.

"கணக்கு போட்டப்ப என் பேச்சு உனக்குத் தேவைப்படலையே. பேரை எடுத்தது நீ. நீயே திரும்பப் போடு."

தோஹுனின் காது சிவந்துவிட்டது.

"யாருகிட்ட பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். இந்தத் தடவ தெரிஞ்சேதான்."

பெயர் திரும்ப வந்தது. தன் பகுதியை அவளே பேசினாள்; திணறவும் செய்தாள். பேராசிரியர் பாரத்தைப் பற்றிக் கேட்டபோது வார்த்தை வராமல் பலகையில் வரைந்து காட்டினாள். மதிப்பெண் சுமார்தான். தோஹுன் இன்றுவரை அவள் பக்கம் திரும்புவதில்லை. அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு மரியாதை தெரியாது என்ற பேச்சு துறை முழுக்கப் பரவி, அப்படியே தங்கிவிட்டது.

அதே குழுவிலிருந்த நாரே மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நமக்கு ஒரே வயசு. என்னைப் போயி நீங்க வாங்கன்னு சொல்லாத, கிழவி ஆயிட்ட மாதிரி இருக்கு" என்றாள். குழுவில் தானும் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹுலானும் கேட்கவில்லை.

குளிர்கால விடுமுறைக்கு ஹுலான் ஊருக்குப் போகவில்லை. கோச்சாங் கடற்கரையில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் நாரேயின் வீட்டாரிடம் போனாள். அதுவரை கடலையே பார்த்திராத பெண். போன மறுநாளே என்னை அழைத்து, "இங்கயும் தூக்கம் வரலக்கா, அலை ஓயவே மாட்டேங்குது" என்றாள். பின்னால் யாரோ அவளைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினார்கள். இதோ வர்றேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.