வெட்டி எறிந்த டேப்பில் ஒரு குரல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து தருவது என் தொழில். இரைச்சலையும் கீறலையும் நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். தெருச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் பழைய மெத்தை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன். உள்ளே இருந்தால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது.

காலமாகிப் பல வருஷமான ஒரு பெரிய வயலின் வித்வானின் கச்சேரிகளைத் திருத்தி மறுபடி வெளியிடுவதற்குச் சென்னையில் ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்தது. அதில் ஒரு கச்சேரி சிதம்பரத்தில் நடந்தது. அதன் ஸ்பூல் டேப் அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. அவருடைய அப்பா புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சிதம்பரத்துக்கு வந்து ரேடியோ கடை வைத்தவர். சொந்த மெஷினில் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்திருக்கிறார்.

டேப்பை வாங்க நானே பஸ் ஏறிப் போனேன். டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“அப்பா இருந்த வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது. அவுரு போனப்புறமும் எங்களுக்குத் தொடத் தோணல. நீ எடுத்துட்டுப் போம்மா.”

அவருடைய அண்ணனும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், காது மந்தம். அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

டேப் நல்ல நிலையில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொரு உருப்படியாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். நடுவில் ஓர் இடம். முந்தைய கீர்த்தனை முடிந்து கைத்தட்டல் ஓய்ந்துவிட்டது. தம்பூரா மட்டும் கேட்கிறது. அடுத்து சஹானா ராக ஆலாபனை ஆரம்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில் தம்பூராவுக்குப் பின்னால் ஒரு பெண் பாடினாள்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். அறை அமைதியாக இருந்தது. மறுபடி மாட்டினேன். அவள் பாடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவதைப் போல, சொல் இல்லாமல், சஹானாவின் முதல் பிடி மட்டும். சில நொடிகள்தான். பிறகு லேசாக ஒரு ‘டிக்’. உடனே வயலின் அதே பிடியைத் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தின் அடியிலும் அவள் இருந்தாள். இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ ஒன்றைப் பாடி முடிக்கிறாள். அதற்கப்புறம் கச்சேரி முடியும்வரை அவள் இல்லை.

சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன். டீயோடு மேலே வந்த என் வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். அவருக்குச் சங்கீதம் தெரியாது.

“யாரது பாடுறது?”

“டேப்புலதான்.”

“நிறுத்தேன். என்னமோ மாதிரி இருக்கு.” டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் கையில் மயிர் சிலிர்த்திருந்ததைப் பார்த்தேன்.

குரல் அப்படி மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை. ஸ்பூலில் டேப் சுற்றுச் சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். பல மாதம் அப்படியே கிடந்தால், ஒரு சுற்றில் இருக்கும் சத்தம் அடுத்த சுற்றில் மெல்லிய நிழலாக ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் இன்னும் ஜாஸ்தி. அதனால்தான் பழைய டேப்புகளில் சில நேரம் பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். ஆனால் நிழல் இருந்தால் அதைப் போட்ட ஆள் இருக்க வேண்டும். இந்த டேப்பில் அந்தப் பெண்ணின் குரல் முழுசாக எங்குமே இல்லை.

அந்த ‘டிக்’ வந்த இடத்தில் டேப்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டு இருந்தது. மஞ்சளாகிப்போன ஒட்டுத்தாள். யாரோ நடுவில் ஒரு நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். வெட்டப்பட்ட துண்டின் ஆரம்பம் முன்சுற்றிலும் முடிவு பின்சுற்றிலும் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டன. நடுப்பகுதி போய்விட்டது.

டீச்சருக்குப் போன் செய்தேன். “நேர்ல வந்து போட்டுக் காட்டு,” என்றார்.

மறுபடி சிதம்பரம். லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன். பெரியவர் சரியாகக் கேட்கட்டும் என்று ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டோம். எதற்கு என்று நான் சொல்லவில்லை. குரல் வந்ததும் அவர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அம்மா,” என்றார்.

டீச்சர் அவர் தோளைப் பிடித்தார். “என்ன அண்ணே சொல்ற? நம்ம அம்மாவா? அவுங்களுக்குப் பாடத் தெரியாதுன்னுதான எல்லாரும் சொல்லுவாங்க?”

“தெரியாது,” என்றார் அவர். “தாலாட்டுகூட சுதி சேராது. ஆனா தூக்கத்துல பாடுவாங்க. எழுப்பிக் கேட்டா, நானா பாடினேன்னு சிரிப்பாங்க.”

பிறகு மெதுவாகச் சொன்னார். கச்சேரியன்று அவருக்குப் பத்து வயசு இருக்கும். டீச்சர் கைக்குழந்தை. அப்பா முன்வரிசையில் மெஷினோடு உட்கார்ந்திருக்க, அம்மா பெண்கள் பக்கம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வித்வான் இன்னும் வில்லத் தூக்கல. அடுத்தது என்னன்னு யாருக்கும் சொல்லல. அம்மா உக்காந்தாப்லயே பாட ஆரம்பிச்சாங்க. கண்ணு மூடியிருந்துது. கூட்டமே திரும்பிப் பாக்குது. யாரும் வாயத் தொறக்கல. முடிச்சதும் பழையபடி தூங்கிட்டாங்க.”

“வித்வான் ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டேன்.

“அப்ப சொல்லல. வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு. கச்சேரி முடிஞ்சதும் அப்பாவக் கூப்ட்டு, நான் மனசுல போட்டு வெச்சிருந்தத உங்க வீட்டம்மா அப்படியே பாடிட்டாங்களே, யாருகிட்டப் பாட்டு கத்துக்கிட்டாங்கன்னு கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

அடுத்த வருஷம் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா மத்தியானத்தில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாராம். ஒருநாள் வெட்டிவிட்டார்.

“ஏன் வெட்டினாரு?” என்றார் டீச்சர்.

“கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி பாடுறாடான்னாரு. அவ்ளோதான். அந்தத் துண்ட என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியாது.”

அம்மாவின் முகத்தைக்கூட டீச்சர் ஒரே ஒரு போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அந்தச் சில நொடிகளை அவர் கேட்கக் கேட்க நான் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது. ஆனால் பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு, இந்தத் தடவை மாறுகிறதா என்று கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

“வெளியிடற பிளேட்டுல இது வேணாம்மா,” என்றார் டீச்சர் கடைசியில். “ஊரு கேக்க வேணாம். எனக்கு மட்டும் தனியாப் போட்டுக் குடு.”

நிறுவனமும் அந்த நிழலை நீக்கத்தான் சொன்னது. சில நாள் உட்கார்ந்து அவளை எடுத்தேன். தம்பூராவின் ஒவ்வொரு மீட்டலுக்கும் நடுவிலிருந்து, சோற்றில் கல் பொறுக்குவதைப் போலப் பொறுக்கினேன். குரலின் கடைசிச் சுவடு போனபோது அறைக்குள்ளிருந்து யாரோ வெளியேறியது போலிருந்தது. நான் எழுந்து போய் ஜன்னலிலிருந்து மெத்தையை இழுத்துப் போட்டேன். தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனதைக் கேட்டதும்தான் மனசு நிலைக்கு வந்தது.

வெளியீடு வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். டீச்சர் தன் பிளேயரில் போட்டார். அற்புதமாக இருந்தது. வித்வான் கூடத்திலேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல் வில்லின் உரசல்கூடத் துல்லியமாகக் கேட்டது. பெரியவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். குரலை நான் நீக்கிவிட்டது அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த இடம் வந்தது. தம்பூரா மட்டும். நானும் டீச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெரியவர் விரலை உயர்த்தினார். “தோ, ஆரம்பிக்கிறாங்க.”

அவர் தலை மெல்ல அசைந்தது. எதையோ பின்தொடர்ந்து போகிற அசைவு. வயலின் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. நானறிந்த அந்தச் சில நொடிகளைத் தாண்டி, நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப என்ன பாடுறாங்க, அண்ணே?” என்று கேட்டார்.

பேசாதே என்று அவர் தங்கையின் கையை லேசாக அழுத்தினார்.