யூஜீனியா எழுதிக் கொடுக்காத பெர்மிட்

யூஜீனியா ஒரேயொரு இங்கிலீஷ் சொல்லை எழுதிக் கண்டக்குழிக் கரையை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டாளாம் என்ற கதை ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் யூஜீனியாவிடமே வந்து சேர்ந்தது. சிலாபத்து மீன் வியாபாரி ஒருவர் அதைப் புத்தளம் பஸ் நிலையத்தில் தில்லையடி ஆள் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஜபாரிடம் சொன்னார். ஜபார் சோற்றைப் பிசைந்தபடி மனைவி ரம்ஸியாவிடம் சொன்னார். ரம்ஸியா வெள்ளிக்கிழமை காலை இடியப்பப் பெட்டியோடு, யூஜீனியா வேலை செய்யும் லொட்ஜின் குசினிக்குள் வந்து நின்றாள்.

"யூஜீனியாக்கா, நீங்க உங்கட அண்ணன்ட கரைவலைப் பாட்டை எழுதிக் குடுத்துட்டீங்களாமே."

"யாருக்காம்?"

"ஜேர்மன்காரனுக்கு."

"எந்த ஜேர்மன்காரனுக்கு? இங்க நாலு பேர் நிக்கிறாங்கள்."

"அது கதையில வரல்ல" என்றாள் ரம்ஸியா. பெட்டியை இறக்கிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சிரிக்கிறீங்க. பொய்யெண்டா சரிதான். உண்மையா இருந்தா எனக்கிட்ட முதல்ல சொல்லியிருக்கோணும். ஊர்ல எல்லாருக்கும் பிறகு நான் கேள்விப்படுறது என்ன மானம்?"

யூஜீனியா சிரித்தாள்தான். ஆனால் வெங்காயம் வெட்டிய கத்தியை எங்கே வைத்தோம் என்று அடுத்த ஐந்து நிமிடமும் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் இடது கையில் இருந்தது.

ஐம்பத்திரண்டு வயதான யூஜீனியா அந்த லொட்ஜில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். லொட்ஜின் வாசலுக்கு நேரே இருப்பது அவளுடைய அண்ணன் அல்பிரட்டின் பாடு. அவர்தான் அங்கே சம்மாட்டி, வலையும் படகும் அவருடையவை. லொட்ஜை நடத்துகிற நிலுக்சனுக்கு இங்கிலீஷ் தடக்கித் தடக்கி வரும். அதனால் ரெலிபோனும் விருந்தாளிகளும் அறிவிப்புப் பலகைகளும் யூஜீனியாவின் பொறுப்பு. படகுக்கு அடித்து மிஞ்சிய நீல நிறத்தில் பலகைத் துண்டுகளில் எழுதித் தொங்கவிடுவாள். குளியலறையில் தொங்குவது: சுடுதண்ணீர் வர இரண்டு நிமிடம் எடுக்கும், அதுவரை கடலைப் பாருங்கள். வாசலில் தொங்குவது: நாய் ஆளைக் கடிக்காது, செருப்பைக் கடிக்கும். அந்த இரண்டாவது பலகையைப் போன வருடம் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அவள் இன்னொன்று எழுதினாள்.

இந்த இங்கிலீஷில் கொஞ்சம் பள்ளிக்கூடத்தில் படித்தது. மிச்சம் சைப்பிரசில் கிடைத்தது. அங்கே ஒன்பது வருடம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவிக்கும் இங்கிலீஷ் இரவல் பாஷைதான், அதனால் இருவரும் சொற்களை மெதுவாகவே எடுத்து வைப்பார்கள். கிழவியின் மகன் ஞாயிறுதோறும் வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டுப் போவார். பால்கனியில் உடுப்புக் காயவைக்க அலவ்ட் இல்லை. ஒன்பது மணிக்குப் பிறகு போன் அலவ்ட் இல்லை. அலவ் என்ற சொல்லை யூஜீனியா அந்தக் கதவில்தான் படித்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நிற்பார், அவருடைய முகம் மாறினால் சட்டமும் மாறும். பெர்மிட் என்பது அவளுடைய பணப்பைக்குள் இருந்த அட்டை. அவளுடைய படம், ஒரு திகதி, ஒரு முத்திரை. அதைப் புதுப்பிக்க வருடாவருடம் வரிசையில் நிற்கவேண்டும்.

மூன்றாவது சொல்லைக் கிழவி கற்றுக்கொடுத்தாள், கற்றுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே. புதன்கிழமை பின்னேரம் நான்கு மணியானால் கிழவி சாய்கதிரையில் கண்ணை மூடிக்கொள்வாள். யூஜீனியா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி, கடற்கரையில் நம் நாட்டுப் பெண்களோடு ஒரு மணி நேரம் இருந்து கதைத்துவிட்டுத் திரும்பி வருவாள். கதவு திறக்கும் சத்தத்துக்குக் கிழவியின் ஒரு கண் திறக்கும், மறுபடி மூடும். ஒருநாள் மகன் இதைக் கண்டுபிடித்துக் கத்தியபோது கிழவி கையை விசிறி, "லெட் ஹேர்" என்றாள், அவளை விடு என்று. அவ்வளவுதான். அதற்குத் திகதியும் இல்லை, முத்திரையும் இல்லை. வழியில் நீட்டியிருந்த காலை ஒருவர் மடக்கிக்கொள்வது போல ஒரு காரியம்.

அதற்கு ஒரு குறையும் உண்டு. கேட்டு வாங்க முடியாது, யாரிடமும் காட்டி நிரூபிக்கவும் முடியாது. கிழவி செத்த அந்த வாரமே மகன் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார். பெர்மிட்டில் இன்னும் ஐந்து மாதம் மிச்சமிருந்தது.

கரையில் பிரச்சினை வந்தது போன செவ்வாய்க்கிழமை. வழக்கமாகக் கரைவலை விடிய இறங்கி ஒன்பது மணிக்குள் கரையேறிவிடும். காற்று பத்தரைக்குப் பிறகுதான் எழும்பும், பட்டக்காரர் அப்போதுதான் கடலில் இறங்குவார்கள். காலில் பலகையைக் கட்டி, வானத்தில் ஒரு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் வெள்ளைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பட்டக்காரர். அன்றைக்குச் சூடை மீன் பிந்தி வந்தது, வலையும் பிந்தி இறங்கியது. காற்றோ முந்திவிட்டது. போலந்துக்காரி ஒருத்தி வலைக் கயிற்றில் சிக்கி விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். வலை பாரமில்லாமல் கரைக்கு வந்தது, நடுவில் ஆள் உயரத்துக்குக் கிழிசல்.

விருந்தாளிகளை அனுப்பும் வெளிநாட்டுக் கொம்பனி மறுநாளே ஒரு கடிதம் அனுப்பியது. காலை பத்தரையிலிருந்து கரையைப் பாவிக்க மீனவர்கள் பெர்மிட் பண்ணுகிறார்கள் என்று எழுதி, சம்மாட்டி கையெழுத்து வைக்க வேண்டும். சனிக்கிழமை பத்தரைக்கு ரெலிபோன் எடுப்பார்கள். ஓம் என்றால் மார்ச் வரை ஆள் வரும். இல்லை என்றால் வேறு கரைக்கு அனுப்புவார்கள், லொட்ஜ் பூட்டுப்படும், யூஜீனியா வீட்டில் இருப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அவள் கடிதத்தை அல்பிரட்டிடம் கொண்டுபோனாள். வலையின் கிழிசலை ஆட்கள் பொத்திக்கொண்டிருந்தார்கள். சிலாபத்து வியாபாரி ஐஸ் பெட்டியின்மேல் குந்தியிருந்தார்.

"பெர்மிட் எண்டா போட்டிருக்கு?" என்றார் அல்பிரட்.

"ஓம், அண்ணன்."

"நான் குடுக்கிறதா? எனக்குத் தாறது இல்லையே?"

"நீ குடுக்கிறது."

அல்பிரட் பேனை தேடினார். பாட்டுக்குரிய பெர்மிட்டுக்காக முப்பது வருடம் அரசாங்கக் கந்தோர் வாங்கில் இடம் மாறி மாறி உட்கார்ந்த மனிதர் அவர். தானும் ஒருநாள் பெர்மிட் கொடுக்கிற பக்கத்துக்கு வருவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஒரு சீலும் செய்விப்பமா, ஜீனி? நடுவில ஒரு மீன் படம் போட்டு."

"சம்மாட்டி கந்தோர் துறக்கப் போறார்" என்றது வலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "சனி ஞாயிறு லீவு. மத்தியானம் தேத்தண்ணிக்குப் பூட்டு."

யூஜீனியா பேனையைக் கொடுக்கவில்லை. "கேளு அண்ணன். செவ்வாய்க்கிழமை மாதிரி வலை பிந்திக் கடல்ல கிடக்கும். பத்தரைக்குப் பட்டக்காரன் வருவான். நீ கையைக் காட்டிக் கத்துவாய். அவன் இந்தக் கடதாசியைக் காட்டுவான்."

"நான் குடுத்த கடதாசிதானே. பறிச்சுப்போடுவன்."

"இது அவன்ட கொம்பனியின்ட மேசை லாச்சியில இருக்கும். அங்க போய்ப் பறிப்பியா?"

அல்பிரட் நாடியைச் சொறிந்தார். "அப்ப நீ சொல்லுற மற்றச் சொல்லைப் போடன். அந்த அலவ்."

"அலவ் எண்டு போட்டா ஒவ்வொரு காலையும் உன்னட்ட வந்து கேக்கவேணும்."

"கேக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கும்."

"முதல் கிழமை நல்லா இருக்கும். ரெண்டாம் கிழமை நீ கொட்டிலுக்குள்ள ஒளிப்பாய், நான் வந்து சம்மாட்டி இல்லை எண்டு பொய் சொல்லவேணும்."

ஆட்கள் சிரித்தார்கள், அல்பிரட்டும் சிரித்தார். யூஜீனியா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு கடதாசி, ஒரு சம்மாட்டி, கடதாசியோடு போகும் தங்கச்சி. ஐஸ் பெட்டியின்மேல் இருந்தவருக்குக் கதை கட்ட அது போதுமாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை குசினியில் இதையெல்லாம் கேட்டு முடித்த ரம்ஸியா இடியப்பத்தின்மேல் இருந்த துணியைச் சரிசெய்தாள். "அப்ப வெள்ளைக்காரனுக்கு மட்டும் எதுக்குக் கடதாசி? எங்கட ஜபார் அந்தப் பாட்டால வந்தா கயிறில ஒருக்காக் கை வைக்காம வந்ததில்ல. அரை மணித்தியாலம் இழுத்துட்டு ஒரு கோர்வை சூடையோட வருவார். இனி அதுக்கும் சீல் அடிக்கோணுமா?"

யூஜீனியா கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்தக் கரையில் அது ஒரு பழக்கம். வலை இழுபடும்போது பாட்டைக் கடக்கிற எவரும் முதலில் கயிற்றைப் பிடிப்பார்கள். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பிடிப்பார். மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிடிப்பார். இழுத்தவர் கையில் கடைசியில் ஒரு மீனாவது ஏறும், பிறகு அவர் எந்தப் பக்கமும் போகலாம். இப்படிச் செய் என்று எவரும் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லாததால் வெள்ளைக்காரருக்கு அது தெரியாது. ஆறு வருடமாக அவர்கள் ஓரமாக நின்று படம் எடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, உனக்கு நாளைக்கு ரெண்டு கோர்வை" என்றாள் யூஜீனியா.

"ஏன், நான் என்ன சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே ரம்ஸியா எழுந்தாள்.

சனிக்கிழமை காலை யூஜீனியா புதுப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். பின்னால் ஆறு விருந்தாளிகள், அவர்களுக்குப் பின்னால் நிலுக்சன். அன்றைக்கும் மீன் பிந்தித்தான் வந்தது. ஒன்பதரைக்குத்தான் படகு வலையைச் சுற்றிப்போட்டுக் கரைக்குத் திரும்பியது. கயிற்றின் இரு தலைப்பிலும் ஆட்கள் பிடித்து, வலை இழுக்கிற பாட்டான அம்பாவைப் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

அல்பிரட் பலகையை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "பெர்மிட்டைக் காணேல்ல."

"இல்லை."

"அலவ்?"

"அதுவும் இல்லை."

"பிறகென்ன பலகை" என்றார் ஏமாற்றத்தோடு. "வாசி பாப்பம்."

அவள் தமிழில் சொன்னாள்: "கயிறில ஒரு கை போடுங்கோ. முதல்ல வலை கரைக்கு வரட்டும். பிறகு காற்று உங்கட."

வலை வரட்டும் என்ற இடத்தில் மட்டும் லெட் என்ற சொல் இருந்தது. நேற்று மத்தியானம் அதை எழுதியபோது கை நின்று, நீலச் சாயம் ஒரு துளி கீழே சிந்தியது. கையெழுத்தும் திகதியும் இல்லாத பலகை. கிழவியின் அரைக்கண்ணை யாரிடமும் காட்ட முடியாமல் போனது போல இதையும் யாரும் செல்லாது என்று சொல்லலாம். கிழவி ஒரே ஒரு ஆள். இந்தக் கயிற்றில் முப்பது பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவள் அந்த வரியை முடித்தாள்.

"அன்ரி, கொம்பனி கேட்டது கடதாசி" என்றான் நிலுக்சன். "இது பலகை."

"படம் எடுத்து அனுப்பு, தம்பி. கயிறையும் ஆக்களையும் சேர்த்து எடு."

அவன் எடுத்து, லொட்ஜ் ரெலிபோனிலிருந்து அனுப்பி, பார்த்துவிட்டார்கள் என்று காட்டும் இரண்டு நீலக் கோடுகளை அவளிடம் நீட்டினான். அவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டு, பையைப் படகின் முன்பக்க அணியத்தில் தொங்கவிட்டாள். பிறகு தானும் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த போலந்துக்காரி பலகையை வாசித்துவிட்டு யூஜீனியாவின் பக்கத்தில் வந்து நின்றாள். செவ்வாய்க்கிழமை தான் கிழித்த வலை இது என்று அவளுக்குத் தெரியும். கையை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. எங்களுக்கு அலவ்டா என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

யூஜீனியா ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் இரண்டு கை பிடிக்கும் அளவுக்குக் கயிற்றை வெறுமையாக விட்டாள். போலந்துக்காரி அந்த இடத்தைப் பிடித்தாள். ஜேர்மன்காரர் நால்வரும் வேறு ஒருவரும் அல்பிரட்டின் பக்கத்துக் கயிற்றுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் அம்பாவின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது முடிந்த பிறகும் தனியே பாடினான்.

"மகன், மெல்ல" என்றார் அல்பிரட் தமிழில். "மீனுக்கும் காது இருக்கு."

பத்தரை ஆனது. காற்று எழும்பி மணலைக் காலில் அடித்தது. பட்டங்கள் ஆறும் கரையில் சுருண்டபடி கிடந்தன, ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வலை பாரமாக இருந்தது. அந்தப் பாரம் உள்ளங்கை வழியாகத் தோளுக்கு ஏறியபோது யூஜீனியாவுக்கு இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது.

பைக்குள் ரெலிபோன் அடித்தது.

"ஜீனி, கொம்பனி போன்" என்றார் அல்பிரட்.

"கேக்குது. ரெண்டு கையும் கயிறில. நீ போய் எடு."

"எடுத்து என்ன இங்கிலீஷ் கதைக்க?"

"சீல் செய்விக்கிறன் எண்டு சொல்லு."

முன்னாலும் பின்னாலும் சிரிப்பு ஓடியது. சிரிப்பில் கயிறு ஒரு சாண் தளர்ந்தது, எல்லோரும் குதிக்காலை மணலில் ஊன்றி அதை மீட்டார்கள். "நிலுக்சன், நீ எடன்" என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நிலுக்சன் சேட்டுக் கையை மடித்துவிட்டு அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப விட்டா எல்லாம் போகும், அன்ரி" என்றான்.

அடித்தது நின்றது. கொஞ்ச நேரம் அம்பா மட்டும் கேட்டது. பிறகு மறுபடி அடித்து, மறுபடி நின்றது. வலையின் மடி தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது, அதன்மேல் பறவைகள் இறங்கின. போலந்துக்காரி எதையோ கேட்கத் திரும்பினாள். யூஜீனியா தலையை மட்டும் அசைத்து இழுக்கச் சொன்னாள். அணியத்தில் தொங்கிய பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ரெலிபோன் மூன்றாம் தடவையாக அடித்தது.