சாம்பிள் பார்த்த தகவல்கள்

எங்கள் கம்பெனிப் பேருந்தில் ஒரு ஜன்னலோர இருக்கை எப்போதும் காலியாகவே வரும். முடிச்சூரில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரகடம் வரை நின்றாலும் நிற்பார்களே தவிர அதில் உட்கார மாட்டார்கள். 1991இல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், படப்பையில் ஏறிய நான் விவரம் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "அங்க குந்தாதம்மா, எறங்கறதுக்குள்ள உன் காது அறுந்துடும்" என்றார். பேருந்தே சிரித்தது. என் பக்கத்து இருக்கைக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தினி எலும்பு கீது, தெரியுமா? ஏழு. நமக்கும் அதே ஏழுதான்" என்றார்.

அவர்தான் ஸ்டோர்ஸ் சார். மூலப்பொருள் கிடங்குக்குப் பொறுப்பாளர், தாம்பரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கிடங்குக்கு வரும் இயந்திர பாகங்களைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களை நீவி நீவிப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் இருப்பார். அங்கெல்லாம் பொறுக்கியதை மறுநாள் காலை பேருந்தில் யாரிடமாவது இறக்கி வைத்தாக வேண்டும். செத்துப்போன எகிப்து ராஜாவின் மூக்குக்குள் நம் பக்கத்து மிளகை அடைத்துப் புதைத்தார்கள் என்பார். வெள்ளிக்கோளில் ஒரு வருஷம் முடிந்த பிறகும் ஒரு நாள் முடியாது என்பார். "அங்க போயி மாசச் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தா பரவால்ல, தினக்கூலின்னா செத்தோம்" என்று அவரே அதற்கு ஒரு கணக்கும் சொல்வார். பேருந்தில் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. எனக்கு அலுக்கவில்லை. அம்மா அண்ணன் வீட்டில் கோவில்பட்டியில் இருந்தார். நான் படப்பையில் ஒற்றை அறையில் இருந்தேன். அலுவலகத்தில் நாள் முழுவதும் டைப்ரைட்டரோடுதான் பேச்சு. ஒரு நாளில் ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்தப் பேருந்துப் பயணத்தில் மட்டும்தான். எகிப்து ராஜா மூக்கில் மிளகு இருந்தால் என்ன, பெருங்காயம் இருந்தால் என்ன, எனக்கு அவர் பேசினால் போதும் என்றிருந்தது.

எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூர் என்றால் அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு ஊர் உலகம் எல்லாம் ஒரு சாவைத்தான் பேசியது. பேருந்திலும் வேறு பேச்சில்லை. ஸ்டோர்ஸ் சார் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. ஒரு நாள் என்னிடம், "அந்த ஊர் மண்ணுக்கடியில கல்லுல இலை பதிஞ்சி கீதும்மா. மனுசனே பொறக்காத காலத்து இலை. கடல் வந்துட்டுப் போன அடையாளம்கூட கீதாம்" என்றார். நான் ஜன்னலிலிருந்து சட்டென்று திரும்பி, "இங்கயா சார்? கடலா?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது தேறிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு நாள், வண்ணத்துப்பூச்சி காலால்தான் ருசி பார்க்கும் என்றார். எனக்கு அன்று தலைவலி. "ம்" என்று மட்டும் சொன்னேன். "அப்ப இது தேறாதா?" என்றார், பரீட்சையில் தோற்றவர் மாதிரி. எதற்குத் தேற வேண்டும் என்று கேட்டேன். மணிமங்கலத்துப் பக்கம் வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரே பையன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் மனைவி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். சோறு வைப்பார், துணி மடிப்பார், கதவு திறப்பார். வாய் மட்டும் திறப்பதில்லை. ஊமை வீட்டில் இவர் எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்?

"மத்த எதப் பேசினாலும் கடைசில புள்ளகிட்டதாம்மா போயி நிக்குது. மழை வருதுன்னா அவன் நனைஞ்சது ஞாபகம் வருது. எகிப்து ராஜாவப் பத்திப் பேசினா அவன் குறுக்க வரமாட்டான். அதான் தெனம் ஒண்ணு கொண்டுபோறேன். என்னிக்காச்சும் ஒரு நாளு அவ 'அப்படியா'ன்னு கேட்டுட்டா போதும்."

"அப்ப எங்ககிட்ட சொல்றது?"

"சரக்க சாம்பிள் பாக்காம உள்ள வுடுவனா? ஸ்டோர்ஸ்காரன்மா நானு."

அன்றிலிருந்து நான் பொறுப்பாகக் கேட்க ஆரம்பித்தேன். தேறாததைத் தேறாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். வெள்ளைக்காரர்களின் அகராதிக்குள் நம் கட்டுமரமும் சுருட்டும் போய் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு நான்தான் அனுமதி கொடுத்தேன். மறுநாள் காலை அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தே விடை தெரிந்துவிடும். உதட்டைப் பிதுக்குவார். "அசையலம்மா" என்பார். எனக்கும் சோர்வாக இருக்கும். பார்த்தேயிராத அந்த அம்மாள் மேல் சில நாள் கோபம்கூட வந்தது.

சரக்கு இருப்பு சரிபார்க்கும் வாரம் வந்தது. கிடங்கில் நட்டு போல்ட்டு எண்ணியே அவருக்கு இடுப்பு ஒடிந்தது. படிக்க நேரமில்லை, காலையில் பேருந்தில் தூங்கி என் தோளில் சாய்வார். அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, நான் ஏறியபோது விழித்திருந்தார். கண் சிவந்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"நேத்து புதுசா ஒண்ணும் கெடைக்கலம்மா. எப்பவோ சொன்ன பழசு ஒண்ண எடுத்து வுட்டேன். எங்க ஞாபகம் இருக்கப்போவுதுன்னு. ஆக்டோபஸுக்கு ரெண்டு இதயம்னேன். அரிசி களைஞ்சிகினு இருந்தா. திரும்பிக்கூட பாக்கல. 'மூணுன்னு சொன்னீங்களே'ன்னா."

கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சாப்பாட்டுப் பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தினியும் கேட்டுகினுதாம்மா இருந்திருக்கா" என்றார். நானும் அழுதேன். பேக்கிங் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் தகவல் சொல்வது குறைந்தது. பிறகு நின்றே போனது. பேருந்தில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு வருவார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "சார், இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "கீதும்மா. ஆனா ஊரெல்லாம் கேட்டத எனக்குச் சொல்லாதீங்கன்னுட்டா. மொதல்ல அவகிட்டதான் சொல்லணுமாம்" என்றார். நல்ல செய்தி சார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் டைப் அடித்ததில் பிழைக்கு மேல் பிழை. எனக்கு வந்தது பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது. நான் தேர்ந்து அனுப்பிய சரக்கெல்லாம் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். சனிக்கோளைப் போட்டு வைக்கிற அளவுக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தால், அது மூழ்காமல் மிதக்கும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அவ்வளவு லேசான கோளாம். திங்கட்கிழமை காலை பேருந்து கிளம்பியதும் அதைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா! சூப்பரா கீதும்மா. இத யார்கிட்ட சொல்லப்போற?"

"உங்ககிட்டதான் சார்" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.