ஏழு புள்ளி கேமரா

எங்க அத்தான், அக்காவோட வீட்டுக்காரர், பல் செட்டு செய்யறவர். டாக்டர் இல்ல. டாக்டர் வாயில அச்சு எடுத்து அனுப்புவார், அதை வச்சு பல்லைச் செய்யறது இவர். "பல்லு போனா சொல்லு போச்சு, போன சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறவன் நான்"னு ஒரு காலத்துல பெருமை அடிச்சுக்குவார். இப்ப அறுபத்திரண்டு வயசு. தெருவுல கேமரா பைத்தியம்னு பேர். எவர் வீட்டுப் பரண்லயாவது மரக் கேமரா இருக்குன்னு காதுல விழுந்தா போதும், ஞாயித்துக்கிழமை பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். கூடவே நானும், இருபத்திரண்டு வருஷமா. என்ன பண்றது, அவர் கேமராவை வித்தவளே நான்தான்.

எங்க அக்காவுக்குச் சின்ன வயசுலயே மாடிப்படியில விழுந்து முன்பல் ரெண்டும் உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் யாரு கேமராவைத் தூக்கினாலும் கையால வாயைப் பொத்திக்குவா. கல்யாண போட்டோவுல கூட பாதி முகம் கர்சீப்புதான். பல்லு செய்யறவருக்கே வாக்கப்பட்டும் ஆறு வருஷம் வீம்பு பிடிச்சா. கெஞ்சிக் கெஞ்சி ஒரு வழியா அத்தான் ரெண்டு பல்லைச் செஞ்சு மாட்டினார். நிறம் சரியில்ல, நிறம் சரியில்லன்னு ஒன்பது தடவை மாத்திச் செஞ்சார் அந்த மனுஷன். மாட்டின அன்னைக்குத்தான் அக்கா, "சரி, எடுங்க. அப்புறம் மனசு மாறிடுவேன்"னு ஜன்னலோர நாற்காலியில வந்து உட்கார்ந்தா.

அவர்கிட்ட இருந்தது கடைக் கேமரா இல்ல. ஒரு தச்சர், போட்டோ மேல இருந்த ஆசையில, பழைய கதவு மரத்தை இழைச்சுத் தன் கையாலயே செஞ்சது. மடிச்சா பெட்டி. பிரிச்சா தோல் துருத்தி நீண்டு, முன்னாடி லென்ஸ் நிக்கும். வாழ்நாள்ல மொத்தம் பதினாலுதான் செஞ்சாராம். பேர் போட மாட்டார். அடிப்பலகையில ஆணியால புள்ளி குத்துவார், எத்தனாவது கேமராவோ அத்தனை புள்ளி. அத்தானோடது ஏழு.

அதுல ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிலிம் தாள். அது ஒரு தட்டை ஹோல்டருக்குள்ள இருக்கும், மேல ஒரு மூடித் தகடு. தகட்டோட விளிம்பு ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. வெள்ளை தெரிஞ்சா புது பிலிம். படம் எடுத்ததும் தகட்டைத் திருப்பிக் கறுப்பு தெரியற மாதிரி சொருகணும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான்!

அன்னைக்கு அத்தான் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு, "அசையாதே, அசையாதே"ன்னார். அக்கா அசையல. எடுத்து முடிச்சுத் தகட்டைச் சொருகும்போது அடுப்புல பால் பொங்கிடுச்சு. ரெண்டு பேரும் சமையலறைக்கு ஓடினாங்க. சாயங்காலம் தலைவலின்னு படுத்தவ, மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலயே போயிட்டா. முப்பத்திநாலு வயசு.

ஸ்டாண்டு மேல அந்தக் கேமரா காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டே நின்னுது. அத்தான் அந்த அறைப்பக்கமே போகல. பார்க்கச் சகிக்காம நான்தான், "வித்துடட்டுமா?"ன்னு கேட்டேன். "எதையாவது பண்ணு"ன்னு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். ஒரு மீசைக்காரர் வந்து வாங்கிட்டுப் போனார். பேர் கேட்டேனா, விலாசம் கேட்டேனா, ஒன்னும் இல்ல. ஹோல்டரை மட்டும் பெரிய கெட்டிக்காரி மாதிரி பார்த்தேன். வெள்ளை தெரிஞ்சுது, புது பிலிம்னு அதையும் சேர்த்துக் கொடுத்துட்டேன்.

நாலு மாசம் கழிச்சு, நான் வேலை பார்க்கிற ரயில் டிக்கெட் கவுன்ட்டருக்கு அத்தான் ஓடி வந்தார். கையெல்லாம் ஈர மாவு, பல் அச்சு வார்த்துக்கிட்டு இருந்தவர் அப்படியே வந்திருக்கார். வரிசையை முட்டித் தள்ளிக்கிட்டு வந்து, "நான் தகட்டைத் திருப்பவே இல்ல"ன்னார். பல்லோட அக்கா சிரிச்ச ஒரே படம், அந்த மீசைக்காரர் பையில போயிடுச்சு.

அதுலேர்ந்து தேடறோம். மூணு புள்ளி ஒரு மாட்டு டாக்டர் வீட்டுல கிடைச்சுது. பதினோரு புள்ளி ஒரு விதவை டீச்சர் அலமாரியில. அத்தான் முதல்ல பெட்டியைக் கவுத்துப் புள்ளியை எண்ணுவார். முகம் செத்துப் போகும். ஆனா அப்படியே வச்சுட்டு வர மாட்டாரே! துருத்திக்குள்ள டார்ச்சை விட்டு ஓட்டை பார்ப்பார். பித்தளைத் திருகைத் திருகி, "பாரும்மா, ஒரு மயிரிழை ஆடல. இதைக் கையால அரத்துல ராவியிருக்கார்"னு அந்த வீட்டுக்காரங்களுக்கே பாடம் எடுப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். "அக்காவைத் தேடி வந்தீங்களா, மரத்தைக் கொஞ்ச வந்தீங்களா?"ன்னு ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கார். வெளிச்சம் உள்ள போகவே போகாது. அவ பத்திரமா இருப்பா"ன்னார். அப்புறம் மெதுவா, "நான் அசையாதேன்னுதானே சொன்னேன். எழுந்திருன்னு சொல்லவே இல்லையே. அந்த இருட்டுல இன்னும் உட்கார்ந்துகிட்டு இருக்கா"ன்னார். பகல் வெயில்ல, பஸ் ஸ்டாப்புல. அந்த நாற்காலியில இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாரும் உட்கார்றது இல்ல. அது முனகுதுன்னு அத்தான் சொல்வார். பழைய மரம்னா முனகத்தான் செய்யும்னு நான் சொல்வேன். எனக்கும் கேட்குதுன்னு சொன்னதில்ல.

போன மாசம், துருத்திக்குத் தோல் ஒட்டுற ஒருத்தர் போன் பண்ணினார். ஏழு புள்ளி.

மூணாவது மாடி வீடு. ஆஸ்பத்திரியில நர்சா இருக்கிற பொண்ணு, இருபத்திநாலு வயசு. அப்பா நிலம் அளக்கிற சர்வேயர், போன வருஷம் தவறிட்டாராம். மாலை போட்ட படத்துல அதே மீசை. மேஜை மேல கேமரா இருந்தது. அத்தான் கவுத்துப் பார்த்தார், விரலால தடவி எண்ணினார். ஏழேதான்.

"இதோட ஒரு ஹோல்டர் இருந்ததாம்மா?"

"இருந்துச்சு சார். அதுல கிடந்த பிலிம்லதான் அப்பா அம்மாவை எடுத்தார். எனக்கு அப்ப ரெண்டு வயசு. அம்மா படுத்த படுக்கை. அப்பா எடுத்த ஒரே படம். அதோ."

சுவத்துல எங்க அக்கா சிரிச்சுக்கிட்டு இருந்தா.

அதே ஜன்னல், அதே நாற்காலி. அத்தான் செஞ்ச ரெண்டு பல்லும் பளிச்சுன்னு. அவ தோளுக்கு இந்தப் பக்கம் வெள்ளையா, புகை புகையா ஏதோ. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா, இது என்னடா!

"வெள்ளத்துல ஆல்பமெல்லாம் போயிடுச்சு. அம்மாவைப் பார்க்கணும்னா இது ஒன்னுதான். தினம் சொல்லிட்டுத்தான் டியூட்டிக்குப் போவேன்"னு அந்தப் பொண்ணு சொன்னா. "எங்க அத்தை மட்டும், இது உங்கம்மாவே இல்லைங்கிறாங்க. அவங்களுக்கும் அம்மாவுக்கும் ஆகாது. அப்பாகிட்டக் கேட்டா எழுந்து போயிடுவார், இல்லன்னும் சொல்ல மாட்டார். சார், நீங்க கேமரா தெரிஞ்சவர். பார்த்துச் சொல்லுங்களேன். இது எங்கம்மாதானே? அந்தப் புகை என்னது?"

படத்தைக் கழட்டி அத்தான் கையில கொடுத்தா. அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், பார்த்துக்கிட்டே இருந்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, இது என் அக்கா, என் கூடப் பிறந்தவன்னு. அத்தான் இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சார். பிடின்னா அப்படி ஒரு பிடி.

"உங்கம்மாதாம்மா"ன்னார். "அந்தப் புகை, வெளிச்சம் கசிஞ்சது. பழைய கேமராவுல அப்படி ஆகும்."

அந்தப் பொண்ணு பெருமூச்சு விட்டு அழுதுட்டா. கேமராவை எடுத்துக்கோங்கன்னா, அத்தான் மாட்டேன்னுட்டார். நான் போன்ல அந்தப் படத்தை ஒன்னு எடுத்துக்கிட்டேன். நம்பரும் வாங்கிக்கிட்டேன்.

படியிறங்கினதும் கத்தினேன். "மனுஷனா நீங்க? இருபத்திரண்டு வருஷம் நாயா அலைஞ்சு, கண்ணு முன்னாடி கிடைச்சதும் ஊரான் வீட்டுப் பிள்ளைக்குத் தாரை வார்த்துட்டு வர்றீங்க!"

அத்தான் சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டார். "ஒரே பிலிம் மேல ரெண்டு படம் விழுந்திருக்கு. அந்தம்மா உட்கார முடியாம ஆடியிருக்கா. ஆடினா முகம் விழாது, புகையாத்தான் விழும். இவதான் அசையாம இருந்தா. அந்தப் புகையைக் காட்டி, இதுதான்டி உன்னைப் பெத்தவன்னு எப்படிச் சொல்றது? நீ சொல்லுவியா?"

நான் அவர் பையை வாங்கி என் தோள்ல மாட்டிக்கிட்டேன்.

அத்தான் இப்ப ஞாயித்துக்கிழமை எங்கேயும் போறதில்ல. எனக்குத்தான் நிம்மதி போச்சு. அக்காவைப் பார்க்கலாம்னு போனைத் திறப்பேன். கண்ணு அக்கா மேல நிக்கிறதே இல்ல, அந்தப் புகைக்குத்தான் போகுது. நாலஞ்சு நாள் முன்னாடி பெருசு பண்ணிப் பார்த்தேன். கீழ, ஓரத்துல, புகைக்குள்ளேர்ந்து ஒரு கை தொங்குது. அதோட ஒத்தை விரலை ஒரு குழந்தைக் கை இறுக்கிப் பிடிச்சிருக்கு. ரெண்டு வயசுக் கை. அது மட்டும் ஆடாம, தெளிவா, நகம் வரைக்கும் விழுந்திருக்கு.

அத்தான்கிட்ட இன்னும் காட்டல. அந்தப் பொண்ணு நம்பரைத் தினம் எடுக்கிறேன், வச்சிடறேன்.