பெண்குதிரைக்கு மருந்து ஊற்றிய கை

காஹாங் ஊரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சொதசொதவென்று கிடந்த நிலத்தை மேடாக்கினேன். கிணறு வெட்டினேன், குதிரை லாயம் கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு யார் கைகொடுத்தார்கள்? இப்போது முட்டி மடங்க மறுக்கிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கிய பெண்குதிரை, நாடு மாறியதில் பருவத்துக்கு வராமலே நின்றது. தினமும் வாயில் ஹார்மோன் மருந்து ஊற்றி, பிறகு நிறுத்தினால் பருவத்துக்கு வரும் என்றார் கால்நடை மருத்துவர். தோலில் பட்டாலே உடம்பில் ஏறுமாம், அதனால் பெண்கள் அந்த மருந்தைத் தொடக்கூடாதாம். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மிச்சம் நான்தான். ஒரு நாளும் விடக்கூடாது என்பதால், ஆண்டுதோறும் வெளியூர்க் கோயிலுக்குப் போய் எடுக்கும் காவடியை அந்தத் தைப்பூசத்தில் எடுக்கவில்லை.

"முருகன விட குதிர பெருசா போச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"அவரு மயிலுக்கு மருந்து ஊத்த வேணாம்லா," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

குதிரை சினையாகி, குட்டி போட்டது. பார்க்க வந்தவர்களிடம், விடுப்பில் வந்திருந்த மகன், "எல்லாம் நம்ம டாக்டரோட கைராசி," என்றான். லாய வாசலில் அவன் மாட்டிய பலகையிலும் மருத்துவர் பெயரும் அவன் பெயரும் மட்டுமே.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் உனக்குச் சொல்கிறேன், மகனே: அந்தப் பலகையைக் கழற்றி, என் பெயரை முதலில் எழுதி மாட்டு.