மருந்து போடாத தட்டு

பணி நியமனக் கடிதத்தின்படி அவர் 'கண்ணாடிக் கலங்கள் கழுவும் மூன்றாம் நிலை ஊழியர். உயிருள்ள எதையும் கையாளும் பொறுப்பு அற்றவர்'. அந்த ஆய்வகத்தின் மூளைக் கட்டிச் செல்களுக்கு ஆறு வருடங்களாக ஊட்டத் திரவம் மாற்றி உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். கழுவுவதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. செல்கள் கொஞ்சம் சுணங்கினாலும் முதலில் கண்டுபிடித்துவிடுவதால் எல்லோருக்கும் அந்த அம்மாள் 'இன்ஸ்பெக்டர்'.

அக்கா மகள் கல்யாணத்துக்காக இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் விடுப்பில் போனார். "இதென்ன எனக்குத் தெரியாத வேலையா?" என்று பேராசிரியரே கையுறை மாட்டிக்கொண்டார். பத்து வருடங்களாகப் பேனாவைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது ஆய்வகம் இழவு வீடு போலிருந்தது. கட்டிச் செல்லின் மேற்பரப்பில் அடினோசின் என்ற வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அடினோசின் வந்து உட்கார்ந்தால், சில வகை ஏற்பிகள் செல்லுக்குள் சேதியை உசுப்பிவிடும், சில அமுக்கிவிடும். எந்த மருந்து அந்தச் சேதியை மாற்றுகிறது என்பதே அங்கே ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே போடாத செல் தட்டு ஒன்று வைப்பார்கள். அது சும்மா இருக்க வேண்டும். ஒரு வாரமாக அது மருந்தில்லாமலே சேதி காட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. தட்டு அடங்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். கூடவே இன்ஸ்பெக்டரின் வேலையையும்.

"ரசாயனம் சரியில்லம்மா. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் பேராசிரியர்.

"நீங்க ஒரு தடவ மாத்துங்க சார், பாக்கறேன்."

பேராசிரியர் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டு, புதியதைச் செல்களின் தலையிலேயே சர்ரென்று பீய்ச்சினார். திரவம் அடங்குமுன் தட்டை அளவெடுக்கத் தூக்கினார்.

"அய்யோ சார், கார் கழுவுறீங்களா?"

"ஏம்மா?"

"எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு. திடீர்னு பிரேக் போட்டா உள்ள அத்தன பேரும் கத்துவாங்க. அந்த நேரத்துல யாரு சண்டக்காரன்னு கணக்கெடுத்தா மொத்த பஸ்ஸும்தான் சிக்கும்."

பேராசிரியர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். அதிர்ந்த செல் தன் ஆற்றல் சரக்கைக் கொஞ்சம் வெளியே கக்கும். அது சிதைந்து அடினோசினாகும். அதே ஏற்பிகளில் போய் உட்காரும். இதை வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துபவர் அவர்.

"நீ எப்படிம்மா செய்வ?"

"திரவத்தத் தட்டோட ஓரமா மெதுவா விட்டுட்டு ஒரு மணி நேரம் சீண்ட மாட்டேன் சார்."

"இத ஏன் நோட்டுல எழுதி வைக்கல?"

"எழுதினா நான் செல்லைத் தொடுறேன்னு தெரிஞ்சுடுமே!"

வியாழக்கிழமை மருந்து போடாத தட்டு வாயே திறக்கவில்லை. மறுநாள் குழு திட்டத்தை இரண்டு வருடங்களுக்கு நீட்டித்தது. அறிக்கையில் 'செல் பராமரிப்பு: பேராசிரியர்' என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை பன்னிரண்டு தட்டுகளிலும் விளிம்போரமாகத் திரவம் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, அளவெடுத்தது கண்ணாடிக் கலங்கள் கழுவும் மூன்றாம் நிலை ஊழியர்.