ஒரே கப்பலில் வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்திலிருந்து போன் வரும். முதலில் அவர்தான் பேசுவார். "மச்சான், சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பிப்பார். உண்மையில் அவர் எனக்கு மச்சானும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் அவருக்கு நான் மச்சான். அவள் ஏன் அப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தாவும் அவள் தாத்தாவும் மதராஸில் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, ஃபிஜி கரும்புத் தோட்டத்துக்கு ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். ஊரும் உறவும் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டதால், கப்பலில் கூட வந்தவன்தான் கூடப் பிறந்தவன். அவன் பேரப்பிள்ளைகள் உன் பேரப்பிள்ளைகளுக்கு அண்ணன் தங்கச்சி. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

சபேட்டோ என்கிற எங்கள் ஊரில் எங்கள் நிலத்துக்கும் அவர்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். மழைக்காலத்தில் அதில் விலாங்கு வரும். விலாங்கை வெறும் கையால் பிடிக்க முடியாது, வழுக்கிவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொள்ள வேண்டும். அவள்தான் அடுப்புச் சாம்பலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவருவாள். இப்போது அந்த வாய்க்காலில் விலாங்கு இல்லை. கரும்புக்கு அடிக்கிற மருந்து இறங்கி எல்லாம் செத்துப்போயிற்று. அது போகட்டும்.

மீசை அரும்பிய பிறகு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கூறு கெட்டவனே, அது உன் தங்கச்சிடா. ஒரே கப்பல்."

"கப்பல்ல வந்தது தாத்தாதானேம்மா. நானா வந்தேன்?"

"உங்கப்பா காதுல விழுந்துச்சுன்னா கரும்புக் கத்திய எடுத்துருவாரு. வாய மூடிக்கிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

நான் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். அவளுக்கும் அந்த நினைப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷமாக அந்தப் போனை ஓடி ஓடி எடுக்கிறேன் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தவரை, போன் அடித்தால், "உன் தங்கச்சிதான், போய்ப் பேசு" என்பாள். தங்கச்சியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள்.

மாப்பிள்ளை விமான நிலையத்துப் பக்கம் நமாகா என்ற ஊரிலிருந்து வந்தார். அங்கேயே ஆபீஸ் வேலை, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி போட அண்ணன் வேண்டும் என்றார் ஐயர். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. போய் நின்றேன். அது கரும்பு வெட்டும் காலம். கொளுத்திய கரும்பின் கரி என் நகத்துக்குள் எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. அவள் கைக்கு அடியில் அவர் கை இருந்தது. நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. பொரியை அந்தக் கைகளில் போட்டேன். பாதி கீழே கொட்டியது.

அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், மாமியாரை டாக்டரிடம் அவரே கூட்டிப்போவார். கடைசியில் ஒன்று கிடைத்தது. கோயில் பஜனையில் அவருக்குத் தாளம் நிற்காது. எல்லோரும் தட்டி முடித்த பிறகு அவர் ஒருவர் தட்டுவார். எனக்கு அது பல வருஷம் போதுமானதாக இருந்தது.

பிறகு பட்டாளத்துக்காரர்கள் பார்லிமென்டைப் பிடித்தார்கள். ரேடியோவில் வெறும் பாட்டாகப் போட்டார்கள். கடைகள் சாத்திக் கிடந்தன. இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று படித்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்கள். அவருக்கு மட்டும் ஆக்லாந்து போகக் காகிதம் வரக்கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவருக்குத்தான் முதலில் வந்தது. பெட்டிகளை என் லாரியில்தான் ஏற்றிப் போனோம். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். அவள் அழவில்லை, பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் எதிரிலும் அழக்கூட அவரால்தான் முடிந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. பழைய கணக்குகளில் குடும்பத்து ஆட்களைத் தேடுவது.

"ஜனக்கணக்கப் பாத்தேன் மச்சான், அதுல பேரு இல்ல. இத்தன ஆம்பள, இத்தன பொம்பளன்னு வெறும் எண்ணிக்கைதான். கப்பல் காகிதத்துலதான் ஆளு இருக்கு. உயரம், ஊரு, ஒடம்புல இருக்கிற தழும்பு, எல்லாம்."

தன் தாத்தாவைக் கண்டுபிடித்தார். பிறகு அவள் தாத்தாவையும் கண்டுபிடித்தார். அந்தக் கிழவரின் மடியில் உட்கார்ந்து வெல்லம் தின்றவன் நான். ஆனால் அவரைக் கண்டுபிடித்து அவளிடம் கொடுத்தது இவர். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து படித்திருப்பார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க தாத்தாவையும் தேடித் தரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தாத்தாவின் அப்பா பெயரையும், தாத்தாவின் இடது புருவத்தில் இருந்த வெட்டுக் காயத்தையும் சொன்னேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மச்சான், ஒரு வேடிக்க. உங்க தாத்தா கெடைச்சுட்டாரு. ஆனா அவரு வேற கப்பல். இவ தாத்தா வந்ததுக்கு முந்தின கப்பல்."

"சரியாப் பாத்தீங்களா?"

"திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். அப்பா பேரு, புருவத்துத் தழும்பு, எல்லாம் அதேதான்." அவர் சிரித்தார். "அப்ப நீங்க எனக்கு மச்சானே இல்ல. தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி அனுப்பினேனே, எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்துக் கூலி லைனில் இரண்டு வாலிபர்கள். ஒருவனுக்கும் ஆள் இல்லை. கேட்டால் ஒரே கப்பல் என்று சொல்லிவிடுவோம் என்று பேசி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு அண்ணன் தம்பி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்களைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அவள் எனக்கு ஆகியிருக்கலாம் என்கிற சேதியும், அந்த வேட்டிகளைப் போல, இவர் கையிலிருந்துதான் எனக்கு வரவேண்டுமா? அதுவும் ஒரு வேடிக்கையாக.

"அதுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"பக்கத்துலதான் நிக்கிறா. இந்தாங்க, பேசுங்க."

"அண்ணா" என்றாள், பழக்கத்தில். பிறகு கேட்டாள், "அப்ப அன்னிக்கிப் பொரி போட்டது யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரன்" என்றேன்.

சிரித்தாள். பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் திரும்பி, "அடுப்புல பருப்பு இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"நீ உங்கம்மாகிட்ட கேட்டது எனக்குத் தெரியும். அவங்க வந்து எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்க. எங்கம்மா என்னக் கேட்டாங்க, உனக்கும் அந்த நெனப்பு இருக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒரே கப்பலாச்சேம்மான்னு சொன்னேன்."

அவள் மூச்சு கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. "மச்சான், சாப்பிட்டாச்சா?" என்றார். சாப்பிட்டாச்சு மச்சான் என்றேன். என் பாட்டி எந்தக் கப்பல் என்று தேட ஆரம்பித்துவிட்டாராம். அதைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் போனை அவளிடம் கொடுக்கும் வரைக்கும்.